காஸ்டிக் ஊற்றிய டேங்க்

என் தம்பி உயிரோடு இருந்தவரை இதை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்டால், ஒன்றும் ஆகப்போவதில்லைதான்.

நகரியில் எங்களுடையது தறி வீடு. நூலை வேகவைத்து வெளுப்பது என் பொறுப்பு. இரும்புக் கொப்பரையில் காஸ்டிக் சோடாவைக் கரைத்துக் கொதிக்கவிட்டால் எப்பேர்ப்பட்ட அழுக்கும் கழன்று ஓடிவிடும். எனக்குத் தெரியாத அழுக்கா என்று ஒரு திமிர். வாயும் நீளம். என்னை எதிர்த்துப் பேச வீட்டில் ஆளில்லை.

எல்லைத் தகராறு அப்போதுதான் ஓய்ந்திருந்தது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றுவிட்டோம். பக்கத்தில் புதிதாக அணை கட்டியிருந்தார்கள். அங்கே தினக்கூலிக்கு மோட்டார் போட் ஓட்டினான் தம்பி. யுத்தத்தில் மிஞ்சியதை ஏலத்தில் எடுத்த பழைய போட் அது. அதன் அலுமினிய பெட்ரோல் டேங்கினுள் பழைய பெட்ரோல் பிசினாகக் காய்ந்து ஒட்டிக்கிடந்தது. அந்தப் பிசின் குழாயை அடைத்து இஞ்சினை நிறுத்திவிடும். வெள்ளிக்கிழமை சித்தூரிலிருந்து ஆபீசர்கள் வந்து போட்டில் ஏரியைச் சுற்றப் போகிறார்கள்.

"போட் நிக்காம ஓடினா என்னை பர்மனென்ட் பண்ணிடுவாங்கக்கா" என்று டேங்கைக் கழற்றி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தான்.

கூழாங்கல்லும் மண்ணெண்ணெயும் உள்ளே போட்டு இரண்டு நாள் ஆட்டினான். பிசின் பாதிதான் விட்டது.

"இன்னாடா, புள்ளைய ஆட்டற மாதிரி ஆட்டிக்கினே கீறே? கொப்பரைத் தண்ணி ஒரு சொம்பு ஊத்துனா தீந்துது!"

"ஐயோ, வேணாங்கா. இது இரும்பு இல்ல. கை வெக்காதே."

புதன்கிழமை அவன் ரப்பர் குழாய் வாங்கப் புத்தூருக்குப் போனான். நான் ஊற்றினேன். ஒரு சொம்பு இல்லை, நாலு சொம்பு.

டேங்க் சீறியது. வாய் வழியாக நுரை பொங்கிக் கறுப்புத் தண்ணீர் வழிந்தது. அழுக்கு வருகிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். கொட்டிக் கழுவினேன். உள்ளே ஒரு பொட்டுப் பிசின் இல்லை. சரி பார்ப்போம் என்று நல்ல தண்ணீர் நிரப்பித் தூக்கினால், அடிமூலையில் குண்டூசி முனை அளவுக்கு ஈரம். துடைத்தேன். மறுபடி துளிர்த்தது. பக்கத்தில் இன்னொன்று. காஸ்டிக் அழுக்கை மட்டும் தின்னவில்லை, அலுமினியத்தையும் தின்றிருக்கிறது.

அப்போதே சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் கையில் இருந்தது, பற்றவைக்க ஆள் தேடியிருப்பான். ஆனால் அவன் வேண்டாமென்று சொல்லிப் போனதைச் செய்திருக்கிறேனே, எந்த முகத்தோடு சொல்வது? பெட்ரோல் ஒழுகினால் பஸ் டிரைவர்கள் ஓட்டையில் சோப்பைத் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். டேங்க் காய்ந்ததும் துணி சோப்பை அழுத்தி அழுத்தித் தேய்த்து, மேலே கரியைப் பூசிவிட்டேன்.

தம்பி வந்து உள்ளே எட்டிப் பார்த்தான்.

"எப்பிடிக்கா?"

"எப்பிடின்னா? கல்லைப் போட்டு நாள் பூரா ஆட்டினேன். தோளு கழண்டு போச்சி."

அவன் என் தோளைப் பிடித்துவிட்டான். பாவி நான், பிடித்துவிடச் சொல்லி உட்கார்ந்திருந்தேன்.

சோப்பு பெட்ரோலுக்குக் கரையாது, தண்ணீரில் கரைந்துவிடும். நூல் வெளுக்கிற எனக்கு இது தெரியாதா? ஆனால் டேங்க் உட்காரும் போட்டின் உள்ளடியில் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெள்ளிக்கிழமை நடு ஏரியில் பெட்ரோல் முழுக்க ஒழுகி இஞ்சின் நின்றது. தெப்பக்காரர்கள் வந்து ஆபீசர்களைப் போட்டோடு கரைக்கு இழுத்துப் போனார்கள். தீப்பிடிக்காதது தெய்வச் செயல். மறுநாளே தம்பிக்கு வேலை போயிற்று.

குழாயை மாட்டிய நட்டைத் தான் சரியாக முடுக்கவில்லை, அதுதான் ஒழுகியது என்று அவனே முடிவு கட்டிக்கொண்டான். டேங்க் மேல் சந்தேகமே வரவில்லை, அக்கா பார்த்த வேலை அல்லவா. நானும் வாயைத் திறக்கவில்லை. ஊரையே அதட்டிய வாய் அது.

பிழைப்புக்காகத் திருத்தணிப் பக்கம் போய் ஆயில் இஞ்சின் பழுது பார்த்தான். ஒவ்வொரு நட்டையும் மூன்று தடவை முடுக்கிப் பார்ப்பானாம். கூட இருந்தவர்கள் கேலி செய்வார்கள் என்று அவன் மனைவி சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் கூடச் சிரித்து வைத்தேன்.

கடைசியாக அவன் படுத்துவிட்டபோது பார்க்கப் போனேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் பஸ் ஏறினேன். அவன் முந்திக்கொண்டான்.

"அந்த டேங்க்க தோளு கழள ஆட்டிக் குடுத்தியேக்கா. நான் நட்டை ஒழுங்கா முடுக்காம நீ பட்ட பாட்டையெல்லாம் பாழாக்கிட்டேன். மனசுல வெச்சிக்காதே."

"சீ, நான் அதை எப்பவோ மறந்துட்டேன்டா" என்றேன்.

அவனுக்கு அது போதுமாக இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனான்.