தொடங்கிய தேதி

வெள்ளைக்காரன் ஆட்சியில் நான் பூந்தமல்லிப் பக்கம் டாக்டராக இருந்தேன். மேனாம்பேட்டிலிருந்து ஒருத்தி தன் புருஷனை மாட்டுவண்டியில் அழைத்து வந்தாள். யாரைப் பார்த்தாலும் சந்தேகம், எதற்கெடுத்தாலும் சண்டை. ஆனால் புத்தி தெளிவாக இருந்தது. பைத்தியமென்று எழுத மனம் வரவில்லை. குணமே அப்படி என்று எழுத, பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் சர்க்கார் படிவத்தில் இடமில்லை.

"எப்போதிலிருந்து இப்படி?" என்றேன்.

"தாலி கட்டுன நாள்லேர்ந்து இப்டித்தான் கீறாரு."

"நோய் தொடங்கிய தேதி வேணும்மா, தேதி!"

எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். மூன்றாவது படிவத்தையும் கிழித்தெறிந்து மேஜையில் குத்தினேன். மைக்கூடு கவிழ்ந்தது. எழுந்து அறைக்குள்ளேயே இங்குமங்கும் நடந்தேன்.

அவள் புருஷன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்:

"ஒங்களுக்கு எப்பலேர்ந்துங்க அய்யா இப்டி கீது?"