எழுநூறு மீட்டர் சுற்றுவழி

ரோக்வெர் ஊரில் வழி சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வருகிறவர்கள் நடப்பதென்னவோ எலியான் காட்டிய வழியில்தான். அருவிக்கு, இடிந்த கோட்டைக்கு, பழைய இரும்புச் சுரங்கத்தின் வாய்க்கு, உச்சியில் இருக்கும் சின்ன தேவாலயத்துக்கு என்று பாதை எங்கே போனாலும், பாறையிலும் மரத்திலும் தெரிகிற மஞ்சள் கோடு அவள் கையால் போட்டது. முப்பத்திரண்டு வருஷம் பிரான்ஸின் பிரெனே மலையில் தபால் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் முழங்கால் பிடித்துக்கொள்ளும் என்று, சம்பளமில்லாத இந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஏப்ரலில் பனி கரைந்ததும் பெயிண்ட் டப்பா, கம்பி பிரஷ், கிளை வெட்டும் கத்தரி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவாள். பாசியைச் சுரண்டுவாள், கோட்டுக்கு மேல் கோடு பூசுவாள், பிறகு இருபது அடி தள்ளிப் போய்த் திரும்பி வந்து பார்ப்பாள். போகிறவனுக்கு ஒரு கோடு, திரும்பி வருகிறவனுக்கு ஒரு கோடு. யாராவது வழி தவறினால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது. ஒரு தடவை பாரிஸ்காரர் ஒருவர் அருவிக்குப் போகிறேன் என்று போய் யார் வீட்டுக் கோழிக்கூண்டிலோ நின்றபோது, அந்த ஆள் மஞ்சள் கோட்டைப் பார்க்காமல் போனைப் பார்த்து நடந்தான் என்று ஊரே சொல்லியும் இவள் இரண்டு நாள் அழுது தீர்த்தாள்.

இவ்வளவு ஒழுங்கான மனுஷி ஓர் இடத்தில் மட்டும் ஒழுங்கு மீறியிருந்தாள். கோட்டையிலிருந்து அருவிக்குக் காட்டு வழியாக நேரே போனால் பத்து நிமிஷம். எலியானின் மஞ்சள் கோடுகள் அங்கே இடதுபக்கம் திரும்பி, மேடு ஏறி, ஓர் ஆட்டுப்பட்டியை ஒட்டிப் போய், ஒரு வால்நட் மரத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடி கீழே இறங்கின. எழுநூறு மீட்டர் சுற்று. ஏன் என்று கேட்டால், மேலிருந்து பார்த்தால் கோட்டையின் பின்சுவர் தெரியும் என்பாள். முன்சுவரே பார்க்கும்படி இல்லை என்பது வேறு விஷயம்.

அந்த ஆட்டுப்பட்டி அவளுடைய அக்கா ஒனோரினுடையது. எழுபத்தாறு வயது, ஒற்றை ஆள், இடுப்பு வலி, அறுபது ஆடு. அக்காவும் தங்கையும் பேசிப் பதினோரு வருஷமாகிறது.

எல்லாம் அந்த ஊர்மன்றத் தேர்தலால் வந்தது. எங்கள் மாதிரிச் சின்ன ஊர்களில் வேட்பாளர் பட்டியல் அச்சிட்ட சீட்டு வீட்டுக்கே வரும். பிடிக்காத பெயரை அடித்துவிட்டுப் பெட்டியில் போடலாம். எலியானும் நின்றாள். சாயங்காலம் மேயர் ஆபீஸில் எல்லோர் முன்னாலும் சீட்டுகளைப் பிரித்தார்கள். அவள் பெயரைச் சிலர் பேனாவால் அடித்திருந்தார்கள், சிலர் பென்சிலால். ஒரு சீட்டில் மட்டும் நீல மெழுகுக்குச்சியால் ஒரு தடித்த கோடு. ஆட்டு முதுகில் அடையாளம் போடுகிற குச்சி அது, ஊரில் அப்போது ஆடு வைத்திருந்தது ஒரே ஓர் ஆள். எலியான் ஒரே ஓட்டில் தோற்றாள். தினமும் தபால் வேலை முடிந்து ஆறு மணிக்கு அக்கா வீட்டில் போய் சூப் குடிக்கிறவள், அன்றிலிருந்து அக்கா வீட்டு வாசல் ஏறவில்லை. அக்காவின் தபாலைக் கீழே ரோட்டோரப் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள்.

ஒரு தடவை போய்ப் பேசித் தீர்த்திருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். இது ரோக்வெர். இங்கே வீம்பு அப்பா வழிச் சொத்து மாதிரி, ஆளுக்குச் சம பங்கு.

ஆனால் பாசமும் சும்மா இருக்கவில்லை. சனி, ஞாயிறு மத்தியானங்களில் எலியான் கிலேமின் காபிக் கடை வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவாள். கைத்தடியோடு இறங்கி வருகிறவர்களை மடக்குவாள்.

"மேல ஆட்டுப்பட்டி தாண்டித்தானே வந்தீங்க. அங்க ஒரு கிழவி திட்டினாளா?"

"ஐயோ, ஆமாங்க. கேட்டைச் சரியா மூடலையாம். உங்க அம்மா வீட்ல கதவே கிடையாதான்னு கேட்டாங்க."

"குரல் எப்படி இருந்துச்சு?"

"கோட்டை மிச்சமும் இடிஞ்சு விழுந்திருக்கும்."

உடனே எலியானின் முகம் மலர்ந்துவிடும், இன்னொரு காபி சொல்வாள். கிலேம் ஒன்றும் தெரியாதவன் போல டம்ளர் துடைப்பான். இரண்டு வருஷம் முன்னால், ஈஸ்டர் சமயத்தில் இறங்கி வந்த ஒரு குடும்பம், "கிழவியா? அங்க யாரும் திட்டலையே" என்றது. எலியான் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. கிலேமை விட்டு டாக்டருக்கு போன் போட வைத்தாள். ஒனோரின் நிமோனியாவில் மூன்று நாளாகப் படுக்கையில் கிடந்தாள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் அவ்வளவுதான் என்றார் டாக்டர்.

அப்படி ஒரு பாதையைத்தான் இந்த வசந்தத்தில் மாற்றச் சொன்னார்கள். பள்ளத்தாக்கு சுற்றுலா ஆபீஸிலிருந்து தமியான் என்ற பையன், மரியாதை தெரிந்தவன்தான், கம்ப்யூட்டரோடு வந்தான்.

"மேடம், நடந்துட்டுப் போனவங்க எல்லாரும் நெட்ல ஒரே மாதிரி எழுதுறாங்க. அழகான பாதை, ஆனா தேவையில்லாத ஏத்தம், அப்புறம் ஒரு கிழவி. குழந்தைங்க பயப்படுதாம்."

"கோட்டையோட பின்சுவர் தெரியும்பா அங்கேருந்து."

"போய்ப் பார்த்தேன் மேடம். வால்நட் மரம்தான் தெரியுது. காட்டு வழியா நேரா விட்டுடலாம். உங்களுக்குச் சிரமம்னா வேற ஆளை அனுப்பறேன்."

"என் கோடுகளை இன்னொருத்தன் தொடக் கூடாது. நானே அழிக்கிறேன்" என்றாள் எலியான். அன்று அவள் காபி குடிக்கவில்லை. இனி மேலே ஒருத்தி இருக்கிறாளா இல்லையா என்று யார் வந்து சொல்வார்கள்?

மறுநாள் காலை சாம்பல் நிறப் பெயிண்ட் டப்பாவோடு மேடு ஏறினாள். பத்து வருஷத்தில் அந்த எழுநூறு மீட்டரில் மட்டும் அவள் நின்று வேலை செய்ததே இல்லை. முதல் தடவை பூசியதோடு சரி. அப்புறம் ஒவ்வொரு வசந்தத்திலும் அக்கா கண்ணில் படக் கூடாதென்று தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று கடந்துவிடுவாள். கோடுகளும் பளிச்சென்றே இருந்தன. வால்நட் நிழலில் வெயில் படாது, அதனால் பெயிண்ட் நிற்கிறது என்று தமியானுக்கே பாடம் நடத்தியிருக்கிறாள்.

இன்றைக்கு நின்றாக வேண்டும். வால்நட் மரத்துக் கோட்டைக் கடைசியாக ஒரு தடவை விரலால் தடவினாள். மஞ்சள் விரலோடு வந்துவிட்டது. மோந்து பார்த்தாள். ஆட்டு வாடை.

"என்னடி பண்றே அங்க?"

வேலிக்கு அந்தப் பக்கம் ஒனோரின், தடியை ஊன்றிக்கொண்டு. பதினோரு வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு. எலியான் திரும்பாமலே பதில் சொன்னாள்.

"பாதையை மாத்துறாங்க. இனிமே இந்தப் பக்கம் யாரும் வரமாட்டாங்க."

"வரமாட்டாங்கன்னா? நான் யாரைத் திட்டுறது?"

எலியான் விரலைக் காட்டினாள். "இது என் பெயிண்ட் இல்லையே."

"உன் பெயிண்ட் எட்டாம் வருஷமே உரிஞ்சு போச்சு. இது ஆட்டுச் சாயம். நாலு மழைக்குத் தாங்காது. மாசத்துக்கு ஒரு தரம் பூசுறேன்."

"இந்த இடுப்ப வச்சுக்கிட்டா?"

"குச்சி நுனியில பிரஷ்ஷைக் கட்டிக்கிட்டு."

"எதுக்கு இந்த வேலை உனக்கு?"

ஒனோரின் கேட்டின் கொக்கியைத் திருகிக்கொண்டிருந்தாள். "கோடு போனா ஆள் வராது. ஆள் வரலைன்னா நீ கீழ உட்கார்ந்து யார்கிட்ட விசாரிப்பே? டாக்டர் எல்லாம் சொல்லிட்டார்."

எலியான் வேலியருகே போனாள். பதினோரு வருஷமாக மனசில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"பின்ன அன்னைக்கு ஏன்க்கா என் பேரை அடிச்சே?"

"மன்றக் கூட்டம் எத்தனை மணிக்கு வைப்பாங்க?"

"ஆறு மணிக்கு."

"தினமும் ஆறு மணிக்கு நீ எங்க இருப்பே?"

எலியான் பெயிண்ட் டப்பாவைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அக்கா, கூட்டம் மூணு மாசத்துக்கு ஒருக்காதான்."

ஒனோரின் கொக்கியை விட்டாள். அந்தக் குரல் அவ்வளவு சின்னதாகி யாரும் கேட்டதில்லை. "தினமும்னு நெனச்சேன்டி."

இரண்டு பேரும் அழுதார்களா சிரித்தார்களா என்று எலியானுக்கே பிறகு சொல்லத் தெரியவில்லை. வேலையை மட்டும் முடித்தார்கள். ஒருத்தி டப்பாவைப் பிடித்துக்கொள்ள, ஒருத்தி பூசினாள். பன்னிரண்டு கோடுகளும் சாம்பலுக்குள் போயின. இரண்டாவது பூச்சுப் பூசினால்தான் நிற்கும் என்று ஒனோரின் நச்சரித்துக்கொண்டே இருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காபிக் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் நேர்வழியில் இறங்கியவர்கள். எலியானின் நாற்காலி காலியாக இருந்தது. ஏழரை மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போதே, அவள் மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். சட்டையில் சூப் சிந்தியிருந்தது. கிலேம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"என்னக்கா, மேல கிழவி திட்டினாளா?"

"வாயார" என்றாள் எலியான். "கேட்டை மூடாம வந்துட்டேனாம்."