கூடுதலாக நாற்பத்து நான்கு ரிங்கிட்: பட்டர்வொர்த் ரயிலில் பிஸ்னஸ் கிளாஸ் எனக்குத் தேவைப்பட்டதா?

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நானும் என் கணவர் செல்வமும் கிள்ளானிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ரயிலில் போனோம். என் தங்கை மகள் பிரியாவுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை கல்யாணம். வருடத்துக்கு இரண்டு முறை காரில் போய்வருகிற ஊர்தான். ஆனால் ஐந்து மாதத்துக்கு முன் எனக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்தது. காப்பாரில் ஒரு தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்துகிறேன். அறுவை சிகிச்சை நாளிலிருந்து விடுப்பில் இருக்கிறேன். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்காரக் கூடாது, நிமிர்ந்துதான் உட்கார வேண்டும் என்று உடற்பயிற்சி சிகிச்சையாளர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

தங்கையே போன் செய்து, "அக்கா, நீ சிரமப்படாத. லைவ்ல பார்த்துக்கலாம் லா" என்றாள். அவள் அன்பாகத்தான் சொன்னாள். எனக்கோ அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. பிரியா ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் எங்கள் வீட்டில் வளர்ந்த பெண். அவள் கழுத்தில் தாலி ஏறுவதை நான் போன் திரையில் பார்ப்பதா? போவதென்று முடிவு செய்தேன். எப்படிப் போவது என்பதுதான் மிச்சம்.

சாலை வழியாக ஏறத்தாழ 350 கிலோமீட்டர். நெரிசல் இல்லாவிட்டாலும் காரில் நாலரை மணி நேரம், நினைத்தபோதெல்லாம் இறங்கி நடக்க முடியாது. விமானம் ஒரு மணி நேரம்தான். ஆனால் டெங்கிலைத் தாண்டி விமான நிலையம் போய், வரிசையில் நின்று, பெட்டி எடுத்து வெளியே வருவதற்குள் பாதி நாள் ஓடிவிடும். ரயில் என்றால் கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் ஏறி நாலே கால் மணி நேரத்தில் பட்டர்வொர்த். எழுந்து நடக்கலாம், கழிவறை உண்டு, தேநீர் வாங்க ஒரு பெட்டியும் உண்டு. அதனால் ரயில்.

அடுத்து வகுப்பு. நாங்கள் வாங்கிய நாளில் சாதாரண இருக்கை 79 ரிங்கிட், பிஸ்னஸ் கிளாஸ் 123. ஆளுக்கு 44 ரிங்கிட் வித்தியாசம். (விலை ரயிலுக்கு ரயில், நாளுக்கு நாள் மாறும். நீங்கள் வாங்கும்போது ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.) சாதாரணமே போதும் என்றேன். செல்வம் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கிள்ளான் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார், அதிகம் பேசாதவர். ஆனால் இந்த விஷயத்தில் மூன்று நாள் விடாமல் பேசினார். "பெரிய சீட்டு, சாய்ஞ்சுக்கலாம், காலை நீட்டிக்கலாம். உன் முதுகுக்கு அதுதான் சரி" என்பது அவர் கட்சி. மூன்றாம் நாள் விட்டுக்கொடுத்தேன். அவரே டிக்கெட் எடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை 7.40 கொமுட்டர் என்ற புறநகர் ரயிலில் கிள்ளானிலிருந்து கிளம்பினோம். சுபாங் ஜெயா வரை நின்றுகொண்டு, அதன் பிறகு உட்கார்ந்தேன். கே.எல். சென்ட்ரலில் இறங்கியபோது 8.50. அடுத்த ரயில் 10.05-க்குத்தான் என்பதால் பிரிக்ஃபீல்ட்ஸ் வரை மெதுவாக நடந்து, ஆளுக்கு ஒரு தோசை சாப்பிட்டுவிட்டு, தங்கை கேட்டிருந்த மல்லிகைச் சரத்தை வாங்கிக்கொண்டு திரும்பினோம். பேரங்காடி வழியாகப் போனால் நிலையத்துக்குப் பத்து நிமிடம், வெயிலும் படாது. அதிக தூரப் பயணத்துக்கு முன் இந்த மாதிரி ஒரு நடை எனக்கு மிகவும் உதவியது.

பிஸ்னஸ் கிளாஸ் பெட்டியைப் பற்றி நேர்மையாகச் சொல்கிறேன்: அருமையான பெட்டி. ஒரு பக்கம் இரண்டிரண்டாகவும் மறுபக்கம் ஒற்றையாகவும் இருக்கைகள். அகலம் தாராளம். கால் நீட்டத் தாங்கி உண்டு. உணவும் தண்ணீரும் இருக்கைக்கே வருகின்றன. சத்தம் இல்லை. செல்வம் உட்கார்ந்ததும் என்னைத்தான் பார்த்தார்.

"எப்படி இருக்கு?"

"சூப்பர்ங்க" என்றேன். அப்போது அது உண்மையும்கூட.

முதல் இருபது நிமிடம் சொர்க்கம். ரவாங் தாண்டியதும் இடுப்புக்கு மேலே லேசாக ஒரு குத்தல். இருக்கை மிருதுவானது, உடம்பு உள்ளே அமிழ்ந்தது. மற்றவர்களுக்கு அது சுகம். எனக்கோ முதுகு வில் மாதிரி வளைந்தது. சாய்மானத்தை முன்னுக்குக் கொண்டுவந்தேன், துண்டை மடித்து முதுகுக்குப் பின்னால் வைத்தேன். பயன் இல்லை.

அதற்குள் செல்வம் சாப்பாட்டுத் தட்டோடு என்னைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டார். 'மகாராணி பயணம்' என்று தங்கை பதில் எழுதினாள். அவர் சிரித்தார். ஐந்து மாதத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது? அவர் திரும்பத் திரும்பக் கேட்க, நானும் "நல்லா இருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். தஞ்சோங் மாலிம் வந்தபோது இடது கால் மரத்துப்போயிருந்தது. அறுவை சிகிச்சைக்கு முன் தினமும் வந்த அதே மரப்பு. பயந்துவிட்டேன். கழிவறைக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு எழுந்தேன்.

ஒவ்வொரு பெட்டியாகப் பிடித்துப் பிடித்து நடந்து, உணவு விற்கும் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே சன்னலோரம் ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி கையில் தேநீர்க் குவளையோடு, ஒரு காலைச் சுவர் விளிம்பில் தூக்கி வைத்தபடி நின்றிருந்தார்.

"என்னக்கா, முகமெல்லாம் வேர்த்திருக்கு? உட்காருங்க லா."

"உட்கார்ந்ததாலதான் இப்படி" என்றேன். அறுவை சிகிச்சையைப் பற்றியும் பிஸ்னஸ் கிளாஸ் இருக்கையைப் பற்றியும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். முன்பின் தெரியாதவரிடம் சொல்வது எவ்வளவு சுலபம்!

அவர் பெயர் தேவி. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் இருபது வருடமாக நின்றே வேலை. தைப்பிங்கில் மகன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். காலைத் தொங்கவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்தால் கணுக்கால் வீங்கிவிடுமாம். "டாக்டர் காலைத் தூக்கி வெச்சுக்கச் சொல்றாரு. இந்தச் சீட்டுல எங்க தூக்குறது? அதான் வந்து நிக்கிறேன். சீட்டு நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் கெட்டி. பலகை மாதிரி நிமிர்ந்து நிக்குது."

கெட்டி, நிமிர்ந்து. அந்த இரண்டு வார்த்தைகளும் என் காதில் விழுந்ததும் கேட்டேவிட்டேன்: "அக்கா, உங்க சீட்டுல ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்க்கலாமா?"

பக்கத்துப் பெட்டிதான், சாதாரண வகுப்பில் நடைபாதை ஓர இருக்கை. உட்கார்ந்தேன். முதுகு முழுவதும் நேராகப் பதிந்தது. தாப்பா ரோடு நிலையம் வருவதற்குள் மரப்பு தணிந்து, விரல்களை அசைக்க முடிந்தது. தேவியக்கா பார்த்துக்கொண்டே நின்றார். "எனக்குக் கால், உங்களுக்கு முதுகு. ரெண்டு பேரும் சீட்டை மாத்தி வாங்கியிருக்கோம் போல" என்றார். ஒரு மணி நேரத்தில் முதல் தடவையாகச் சிரித்தேன்.

கடினமான வேலை இனிமேல்தான். செல்வத்திடம் போய் நின்றேன்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும். இந்தச் சீட்டு எனக்குச் சேரலை. ரவாங்ல இருந்தே வலிக்குது. கால் மரத்துப்போச்சு."

அவர் முகம் சுருங்கியது. "ரவாங்ல இருந்தா? நான் எத்தனை தடவை கேட்டேன்?"

"நீங்க ஆசையா வாங்கினீங்க. அதான்..."

"உன் முதுகுக்குத்தானே வாங்கினேன், படம் போடவா வாங்கினேன்?" கோபமில்லை, குரல்தான் உடைந்திருந்தது. சட்டென்று எழுந்தார். "சரி, என்ன செய்யணும் சொல்லு."

தேவியக்காவைப் பற்றியும், இருக்கையை மாற்றிக்கொள்ள அவர் சம்மதித்ததையும் சொன்னேன். மூவருமாக டிக்கெட் பார்க்கும் பெண் அதிகாரியிடம் போய் மலாயில் நிலைமையை விளக்கினோம். அவர் இரண்டு டிக்கெட்டையும் பார்த்து, தன் கருவியில் எதையோ குறித்துக்கொண்டு, "போலே, காக்" என்றார். சரி அக்கா, மாற்றிக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். எல்லா அதிகாரிகளும் ஒத்துக்கொள்வார்கள் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். கேட்காமல் மாற வேண்டாம் என்பது மட்டும் உறுதி.

தேவியக்கா காலை நீட்டி உட்கார்ந்ததைப் பார்க்க வேண்டுமே. நான் தொடாமல் வைத்திருந்த சாப்பாட்டையும் அவரே சாப்பிட்டார். நான் சாதாரணப் பெட்டியில் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்தேன், மீண்டும் உட்கார்ந்தேன். சன்னலில் சுண்ணாம்புக் குன்றுகள் வந்து போயின.

ஈப்போவில் என் பக்கத்து இருக்கைக்காரர் இறங்கினார். ரயில் நகர்ந்த கொஞ்ச நேரத்தில் செல்வம் வந்து அங்கே உட்கார்ந்தார்.

"யாராவது ஏறினா எழுந்துக்கிறேன்" என்றார்.

"அந்த நல்ல சீட்டை விட்டுட்டா வந்தீங்க?"

என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "உன்னை ஆபரேஷனுக்குள்ள கூட்டிட்டுப் போனப்ப என்னால ஒண்ணும் செய்ய முடியலை. வெளிய நின்னேன், அவ்வளவுதான். இந்தச் சீட்டையாவது வாங்கிக் கொடுத்தா ஏதோ செஞ்ச மாதிரி இருக்கும்னு நினைச்சேன்."

இருபத்தாறு வருடத்தில் அவர் தன் மனதைப் பற்றி என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த இருக்கைக்கு யாரும் ஏறவில்லை. தைப்பிங்கில் தேவியக்கா இறங்கும்போது எங்கள் பெட்டிப் பக்கமாக வந்து, செருப்பு இப்போது சரியாகப் பொருந்துகிறது என்று காலைக் காட்டிவிட்டுப் போனார்.

பிற்பகல் 2.20-க்குப் பட்டர்வொர்த். துணிப்பெட்டியைச் செல்வம் எடுத்துக்கொள்ள, நான் யார் கையையும் பிடிக்காமல் நடைமேடையில் இறங்கினேன். ஞாயிறு காலை தாலி கட்டும் நேரத்தில் பிரியாவுக்கு மூன்றடி தள்ளி நின்றேன். என்னைப் பார்த்ததும் அவள் மை கலைய அழுதாள், தங்கை திட்டினாள்.

திங்கட்கிழமை 2.00 மணி ரயிலில் இருவரும் சாதாரண வகுப்பிலேயே திரும்பினோம். உணவுப் பெட்டிக்கு அடுத்த பெட்டி, நடைபாதை ஓரம். கே.எல். வந்தபோது முதுகு களைத்திருந்தது, ஆனால் கால் மரக்கவில்லை.

அப்படியானால் பிஸ்னஸ் கிளாஸ் வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். கால் வீக்கம் உள்ளவர்களுக்கும், பயணத்தில் தூங்க நினைப்பவர்களுக்கும், கூட்டமும் சத்தமும் ஆகாதவர்களுக்கும் அந்த 44 ரிங்கிட் தகும், யோசிக்காமல் வாங்குங்கள். என்னைப் போல முதுகு அறுவை சிகிச்சை முடிந்து முதல்முறை வெளியே கிளம்புகிறவர்கள், முதலில் வீட்டில் சோதித்துப் பாருங்கள். மெத்தென்ற சோபாவில் முக்கால் மணி நேரம், இன்னொரு நாள் சாப்பாட்டு மேசை நாற்காலியில் முக்கால் மணி நேரம். எது ஒத்துக்கொள்கிறதோ அதற்கேற்ற வகுப்பை எடுங்கள். உங்கள் மருத்துவரையும் கேளுங்கள். நான் சொல்வது என் ஒருத்தியின் முதுகைப் பற்றித்தான். எந்த வகுப்பானாலும் சன்னலோரம் வேண்டாம், நடைபாதை ஓரமே எழுந்து நடக்க வசதி. கல்யாண வாரக் கடைசிகளில் இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். நாங்கள் மூன்று வாரத்துக்கு முன்பே எடுத்தோம்.

கூட வருகிறவர் எப்படி இருக்கிறது என்று கேட்டால், அவர் மனம் நோகுமே என்று பார்க்காதீர்கள். வலித்தால் வலிக்கிறது என்று முதல் நிலையத்திலேயே சொல்லிவிடுங்கள். நான் தாப்பா ரோடு வரை காத்திருந்தேன். அவ்வளவு தூரம் தேவையே இல்லை.