நாகராஜின் கிடாரில் ஐந்து கம்பி

போன் வந்தபோது வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் கணவர், என் ஓரகத்தி செல்வி, அவள் மகள் தீபா. கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. என் கணவரின் முகத்தைப் பார்த்துத்தான் அதை நிறுத்தினேன். வெள்ளிமலைத் திருவிழாவில் வாசிக்கப் போன என் கொழுந்தனார் நாகராஜ், ஜீப்பில் மலை இறங்கும்போது நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரி சேருமுன்பே போய்விட்டார். அம்மன் அவரை அதிகம் வதைக்காமல் அழைத்துக்கொண்டாள் என்று நம்புகிறேன்.

அவரோடு மேடை ஏறிய உங்களுக்கு அவருடைய வாசிப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அன்று அவர் கொண்டுபோனது இரவல் கிடார் என்பது உங்களுக்கே தெரியும். சொந்தக் கிடாரில் தடித்த கம்பிக்கான சேடில் இல்லை. “கடைசியா அவரு கையில இருந்தது அடுத்தவங்க கிடாரு அக்கா” என்று செல்வி சொல்லிச் சொல்லி அழுகிறாள். காரியத்தன்று அவருடைய கிடாரை உங்களில் ஒருவர் வாசிக்க வேண்டும் என்கிறாள். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

சேடில் என்பது கம்பியின் அடிப்பக்கம் உட்காரும் சின்ன இரும்புத் துண்டு. கம்பிக்கு ஒன்றாக ஆறு. ஆயுத பூஜைக்கு அவரே ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வைப்பார். அது காய்ந்து, கை வேர்வையும் சேர்ந்து, திருகாணி எல்லாம் துருவேறிவிட்டது. துடைக்கச் சொன்னால், “சாமிக்கு வெச்சத எப்படி அண்ணி தொடைக்கிறது?” என்றார். தினமும் விளக்கேற்றுகிற எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. “நெத்தியில வெச்சா சாமி ஏத்துக்கும் தம்பி. மூக்குக்குள்ள ஏன் வெக்கிறீங்க?” என்றேன்.

பழசெல்லாம் போகட்டும் என்று போனில் படம் பார்த்துப் புதுசு வரவழைத்தார். பார்க்க அச்சு அசல் அதே மாதிரி. மாட்டினால் ஐந்துக்குத்தான் இடம் இருந்தது. செல்வி எட்டிப் பார்த்து, “இன்னாங்க இது, பந்தியில எல்லாரும் உக்காந்துக்கினு ஒருத்தர மட்டும் நிக்க வெச்ச மாதிரி கீது” என்றாள். அவருக்குக் கோபம் வரவில்லை. “அவருக்கு அடுத்த பந்தி” என்றார்.

பிறகு அளந்தோம். நான் தையல் டேப்பை எடுத்து வந்தேன். “ஜாக்கெட்டா தெக்கப் போறோம் அண்ணி?” என்று சிரித்துவிட்டு, தீபாவின் ஸ்கேலை வாங்கிக் கொடுத்தார். ஒரு துண்டின் அகலத்தை நான் சொன்னதும் போதாது என்று தலையாட்டினார். “ஒண்ண அளந்தா கண்ணு ஏமாத்தும். முதல் கம்பி நடுவுலேர்ந்து கடைசிக் கம்பி நடு வரைக்கும் அளந்து பாருங்க.” அந்த அளவைச் சொல்லி வாங்கியது சரியாக உட்கார்ந்தது.

மாட்டும்போதும் ஆறையும் ஒன்றாகக் கழற்ற விடவில்லை. ஒன்றைக் கழற்றினால் அதே இடத்தில் புதுசை மாட்டிவிட்டுத்தான் அடுத்தது. எல்லாம் முடிந்தபின் ஒவ்வொரு கம்பியையும் வெறுமனே தட்டினார்; பிறகு கம்பியின் சரிபாதியில் அழுத்தித் தட்டினார். அழுத்தினால் சுதி ஏறுகிறது என்றால் சேடிலைப் பின்னால் தள்ளினார். இறங்கினால் முன்னால் இழுத்தார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. “கேக்குதா அண்ணி?” என்பார். “கேக்குது” என்பேன். “பொய்யி” என்பார்.

அதன் பிறகு தியாகதுருகம் கச்சேரியில் மழையில் நனைந்ததில் தடித்த கம்பியின் திருகாணி இறுகிவிட்டது. முறுக்கியதில் மரை போயிற்று. அந்த ஒரு சேடிலை மட்டும் கழற்றி, இதே மாதிரி வேண்டும் என்று, சென்னை போன உங்களில் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். யாரிடம் என்று வீட்டில் சொல்லவில்லை.

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது ஒன்று உண்டு. பிறர் காதுக்குக் கேட்பது நம் காதுக்குக் கேட்காவிட்டாலும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம் என்பது. அந்த மாலைகளில் நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் ஒருநாளும் எழுந்து போகச் சொல்லவில்லை.

அந்தத் துண்டு உங்களில் யாரிடம் இருக்கிறது? துக்க வீட்டில் ஓர் இரும்புத் துண்டை எப்படி நீட்டுவது என்று தயங்க வேண்டாம். புதுசு வாங்கியிருந்தால் கொண்டுவாருங்கள். தொலைந்துபோயிருந்தால் அதையும் சொல்லுங்கள்; யாரும் ஒன்றும் நினைக்க மாட்டோம், அளவு சொல்லி நானே வரவழைத்துக்கொள்வேன். காரியத்துக்கு முன்னால் வந்து சேர வேண்டும். அதனால் இருக்கிறது, இல்லை என்று ஒரு வார்த்தை இந்த வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.