ஆமத்தூர் ரோட்டில் ஓர் இனிப்புக் காபி

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் வழியில், ஆமத்தூர் தாண்டியதும் அந்தக் காபிக் கடையின் பழுப்பு போர்டு தெரிகிறது. காரை ஓரங்கட்டுகிறேன். எந்த ஊர்க் கிளையில் குடித்தாலும் இந்தக் கடைக் காபி ஒரே ருசி. அதற்காகவே தேடிப் போகிற ஆள் நான்.

இங்கே கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கூடை நிறைய செல்போன்கள். பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால், வேலைக்குப் போகிறவர்கள் இங்கே கொடுத்துவிட்டுப் போகிறார்களாம். அதில் ஒன்று நிறுத்தாமல் அடிக்கிறது.

"ரெண்டு கையும் பாலா இருக்கு. கொஞ்சம் எடுத்துப் பேசுங்க சார்" என்கிறார் காபி மாஸ்டர்.

எடுக்கிறேன். ஒரு பெண் குரல் மூச்சு வாங்குகிறது.

"அண்ணாச்சி, கம்பெனிக்குள்ள இருக்க செல்வி மதினிகிட்டச் சொல்லிருங்க. அவுக மகளுக்குப் பொம்பளப் பிள்ள பொறந்திருக்கு! ரெண்டு பேரும் சொகமா இருக்காக."

நான் சொன்னதும் மாஸ்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. கம்பெனி வாசலுக்குப் போகவிருக்கும் பெரிய பிளாஸ்கைத் திறந்து, சீனியை அள்ளி அள்ளிப் போடுகிறார்.

"எல்லாக் கிளைக்கும் ஒரே அளவுதானே?" என்கிறேன் பதறிப்போய்.

"அளவெல்லாம் நாளைக்குப் பாத்துக்கிடலாம் சார். காபி இம்புட்டு இனிச்சா, யாரு வீட்டுல நல்ல சேதின்னு கொண்டுபோற பையன்கிட்ட அங்கன எல்லாரும் கேட்டுருவாக."

எனக்கும் அதே கையோடு ஒரு டம்ளர் வருகிறது. ஒரு வாய் குடிக்கிறேன். பாயசமேதான். இத்தனை வருடத்தில் முதன்முறையாக ருசி மாறியிருக்கிறது.

"இன்னொண்ணு போடுங்க அண்ணாச்சி" என்கிறேன். "இதே மாதிரி."