கன்னடக் கிளி

ஹெப்பாள் பேருந்து நிறுத்தத்தில் ஒரு தாய், நடை பழகும் குழந்தையிடம் கையை நீட்டி, “பா, பா” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கன்னடத்தில் அதற்கு ‘வா’ என்று அர்த்தம். எனக்கோ சிறுவயதில் மண்டி மொஹல்லாவில் நாங்கள் குடியிருந்த, கீழ்க்கடை மிளகாய் நெடி ஏறும் மாடி அறை நினைவுக்கு வந்தது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊர் மாறியபோது, சிறகு வெட்டி வளர்த்த கிளியை எங்களிடம் விட்டுப்போனார்கள். புது இறகு முளைத்தும் அதற்குப் பறக்கத் தெரியவில்லை. என் பள்ளிக்கூடம் நின்றுபோன வருடம் அது. பகலெல்லாம் கிளிக்கு நான்தான் காவல். அப்பா அதைக் கட்டில் முனையில் உட்காரவைத்து, ஒரு முழம் தள்ளி நின்று, “வா சாமி, வா” என்பார். அது அசையாது.

“கன்னடக்காரங்க வளத்த கிளிங்க அது. நம்ம ஹனூர்த் தமிழு அதுக்கு எங்க புரியும்?” என்று அம்மா சிரித்தாள்.

அப்பா “பா” என்றார். கிளி படபடவென்று அடித்துக்கொண்டு அவர் தோளில் வந்து விழுந்தது.

நாளுக்கு நாள் தூரம் கூடியது. போய்விடுமே என்ற பயத்தில் நான் ஜன்னலைச் சாத்துவேன், அப்பா திறந்துவைப்பார். ஒரு காலை அது எதிர்வீட்டு ஓட்டின்மேல் போய் உட்கார்ந்தது.

“கூப்பிடுங்கப்பா, வந்துரும்!”

“வந்துரும் கண்ணு. அதான் கூப்பிடல.”

நான் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். கிளி ஒருமுறை எங்களைப் பார்த்துவிட்டுப் பறந்தது.

என் பேருந்து வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகும், அன்றைக்கு அந்தக் கிளி எதைத் தின்றிருக்கும் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.