கைலி மூடிய கூடை

அப்போது சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டில் ஒரு மாவு மில்லின் மேல்மாடியில் குடியிருந்தோம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மில்லில் எலி பிடிக்கும் பூனை எப்படியோ என் பூனையாகிவிட்டது. அது மூன்றாவது முறையாக மாவு மூட்டை மேல் குட்டி போட்டதும் முதலாளி சொன்னார்: "இன்னொரு வாட்டி போட்டுச்சுன்னா தாயையும் சேர்த்துச் சாக்குல கட்டிக் கால்வாய்ல போட்டுருவேன்." அவர் சொன்னால் செய்வார்.

குட்டிகளை ஆளுக்கொன்றாகக் கொண்டுபோன பிறகு, கருத்தடைக்கு நாள் கேட்டுப் பிராணி வைத்தியசாலைக்குப் போனேன். கம்பவுண்டர் தமிழர்.

"பிடிச்சு அமுக்காதீங்க தங்கச்சி. நாலு நாளைக்கு முன்னாடியே கூடையை ரூம்ல திறந்து வைங்க. பழைய கைலி ஒண்ணை உள்ள போடுங்க, அதுவா ஏறிப் படுக்கும். ஆபரேஷனுக்கு முத நாள் ராத்திரியிலேருந்து தீனி மட்டும் கூடாது."

அப்படியே செய்தேன். அன்று காலை பூனை தானாகக் கூடைக்குள் சுருண்டு படுத்தது. நான் புடவை மாற்றிக்கொண்டு வருவதற்குள் மாமியார் டப்பாப்பாலைக் கரைத்து அதன் முன் வைத்திருந்தார்.

"அத்தை..." என்றேன்.

"கத்தி படப்போற ஜீவனை வெறும் வயித்தோடவா அனுப்புறது?"

எங்கள் வீட்டில் யாரும் வாய் நனைக்காமல் படி இறங்கக் கூடாது. நான் எதிர்த்துப் பேசிப் பழகியவளில்லை. கிண்ணம் காலியாகிவிட்டது.

வைத்தியசாலையில் நாய்கள் குரைத்தன. கம்பவுண்டர் கூடையைத் தரையில் வைக்க விடவில்லை. மடியில் வைத்து, இன்னொரு கைலியால் மூடச் சொன்னார். "எட்டி எட்டிப் பாக்காதீங்க. கண்ணுல எதுவும் படலேன்னா அது பாட்டுக்குக் கிடக்கும். ஒண்ணும் குடுக்கலையே?"

இல்லை என்று தலையாட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன் என்று இன்றும் தெரியவில்லை.

துணிக்கு அடியில் பூனை சத்தமே போடவில்லை. கூடை ஆடாமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். உள் அறையிலிருந்து மருந்து வாடை வந்தது. கம்பவுண்டர் கூடையை வாங்கிக்கொண்டு கதவைத் தள்ளினார்.

"அண்ணே, பால் குடிச்சிருக்கு." என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

அவர் திரும்பினார். "என்ன தங்கச்சி, கல்யாண விருந்துக்கா கூட்டியாந்தீங்க? மயக்கத்துல வாந்தி எடுத்தா மூச்சுக்குழாயில போயிடும்லா. செத்துடும்!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கம்பவுண்டர் கூடையைத் திருப்பிக் கொடுத்து, அடுத்த வாரம் வரச் சொன்னார்.

மில் வாசலில் முதலாளி நின்றிருந்தார். "ஆச்சா?"

"அடுத்த வாரம்."

"அதுக்குள்ள கடுவன் பூனையோட சுத்தினா சாக்குதான்."

அந்த ஏழு நாளும் பூனையை அறையைவிட்டு வெளியே விடவில்லை. காற்று கதவை அசைத்தாலும் எழுந்துபோய்த் தாழ்ப்பாளைப் பார்த்தேன். மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் பால் கிண்ணத்தைக் கழுவி எடுத்து வைத்தார்.

மறுவாரம் கிளம்பும்போது அடுப்படியைப் பார்த்தேன். பால் டப்பாவைத் திறக்கவே இல்லை. மாமியாரின் காப்பித் தம்ளரும் கவிழ்த்தபடியே இருந்தது.

"நீங்க குடிக்கலையா அத்தை?"

"அது வரட்டும்."

சாயங்காலம் கூடையோடு படி ஏறினேன். மாமியார் கைலியின் ஓரத்தை விலக்கி, மூச்சு விடுகிறதா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடுப்பைப் பற்றவைத்தார்.